பதினாலு நாள் முகம்

ஆமர் வீதிச் சந்தியில்
வெள்ளைக் கோட்டை முன்சில்லு தொட்டுவிட்டது,
காலை ஏழு பத்துக்கு.
வானுக்குள் பதினொரு பிள்ளைகள்.
ஒருத்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.
அதை எழுத அந்தத் தாளில் இடமில்லை.

லைசன்ஸை உறையிலிருந்து
நானே உருவிக் கொடுத்தேன்.
படத்தில் எனக்கு முப்பத்திரண்டு வயது,
காதில் தோடு இருக்கிறது.
அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
சிங்களத்தில் கிறுக்கிய காபன் பிரதியை நீட்டினார்.
பதினாலு நாளைக்கு இதுதான் நான்.
தபால் கந்தோரில் இரண்டாயிரம் கட்டித்
துண்டைக் கொண்டுபோய்க் காட்டினால்
முகத்தைத் திருப்பித் தருவார்கள்.

கட்டக்கூடாது என்று இருந்தவள் அல்ல நான்.
லீசிங் ஐந்தாம் திகதி.
பின்டயர் இரண்டும் வழுக்கை.
தாய்தகப்பன்மார் காசு தருவது
சம்பளம் விழுந்த பிறகு,
விழுந்த பிறகும் தராதவர்கள் நாலு பேர்.
பதினோராம் நாள் கையில்
இரண்டாயிரத்து முந்நூறு இருந்தது.
அது டீசலாகி
மோதரைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் எரிந்தது.
பதினாலாம் நாள் மறுபடி சேர்த்துக்கொண்டு போனேன்.
அன்று போயா.
தபால் கந்தோர்க் கதவில் பூட்டு.
இரவு, முழுசாக ஒரு நிலா,
அதுவும் லீவில் இருந்தது போல
ஒன்றும் செய்யாமல் நின்றது.

மறுநாள் அது நாலாயிரம்.

இருபத்தொன்பதாம் நாள் தாள் செத்தது.
இனிப் புதுக்கடை.
ஒரு பகல் முழுக்க வாங்கில் குந்தியிருக்க வேணும்,
பெயரைப் பிழையாகக் கூப்பிடுவார்கள்,
அது நான்தான் என்று எழும்ப வேணும்.

ஓடினால் குற்றம்,
ஓடாவிட்டால் தண்டத்துக்குக் காசில்லை
என்று கவுண்டரில் இருந்த பொடியனிடம் சொன்னேன்.
விளங்குது அக்கா என்றான்.
உண்மையாகவே விளங்கியிருக்கும்.
அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

ஆகவே ஓடுகிறேன்.
சந்திகளுக்குப் பயந்து
ஜம்பட்டா வீதிக்குள் வளைந்து,
மீன்பெட்டி இறக்குகிறவர்களிடம் ஏச்சு வாங்கி,
பத்து நிமிடம் முந்திப் புறப்பட்டு.
நான் சொல்லவில்லை,
பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.
வெள்ளைத் தொப்பியைக் கண்டதும்
அவ்வளவு சத்தமும் அடங்கிவிடும்.
பூசையில்கூட இப்படி இருக்கமாட்டார்கள்.
கொஞ்சத் தூரம் தாண்டியதும்
கடைசிச் சீற்றிலிருந்து டிலுக்‌ஷி அறிவிப்பாள்:
'போய்ட்டினம் அன்ரி.'
அது எனக்குப் பிடிக்கவில்லை.
ஏழு வயதில்
அவளுக்கு நான் கற்றுக்கொடுத்தது அது.

என்னிடமும் ஒரு கொப்பி இருக்கிறது,
அட்டை கிழிந்தது.
அதில் சனுகவின் பெயருக்கு நேரே
ஜனவரி வெறுமை, பெப்ரவரி வெறுமை.
அவன் தகப்பன் வேறொரு பொலிஸில் சார்ஜன்.
கெட்ட மனிசன் இல்லை.
கண்டால் ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரிப்பார்,
அடுத்த கிழமை என்பார்.
அவருக்கும் ஓர் ஐந்தாம் திகதி இருக்கும்.
நான் சனுகவிடம் எதைப் பறித்து வைப்பது?
சப்பாத்தையா, தண்ணிப் போத்தலையா,
ஏழாம் வாய்ப்பாட்டையா?
ஆறே முக்காலுக்கு வாசலில் நிற்பான்,
கதவை இழுத்துத் திறப்பேன்.
அவ்வளவுதான் என் சட்டம்.

இன்று மருதானைப் பாலத்தில்
அசையாத நெரிசலுக்குள்
அவனுக்குப் பல் விழுந்தது.
வாயில் இரத்தமும் முகத்தில் பெருமையுமாக
முன்னால் வந்து கையை விரித்தான்.
'நெந்தே, இதை வைத்திருங்கள்,
பின்னேரம் அம்மாவிடம் காட்ட வேண்டும்,
தொலைக்கக்கூடாது'
என்றான் தன் மொழியில், கண்டிப்பாக.

பேர்ஸைத் திறந்தேன்.
பிளாஸ்டிக் உறை ஒன்று காலியாக இருந்தது.
போட்டு மூடினேன்.

பின்னால் ஹோன் அடிக்கிறார்கள்.